அடுக்குமாடியில் தினவாடகை: தடுக்க முடியுமா, தடுக்கலாமா?

கெடா மாநிலம் சுங்கைப் பட்டாணியில் ஒரு கொண்டோ அடுக்குமாடியில் வீடு வாங்கியிருக்கும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. தோட்டத்தில் ரப்பர் மரம் சீவி ஓய்வு பெற்ற அவருடைய அம்மா அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். அதே மாடியில் மூன்று வீடுகள் நாள் வாடகைக்கு விடும் 'ஹோம்ஸ்டே' ஆகிவிட்டன. தினம் ஒரு முகம், தினம் ஒரு சத்தம். அடுத்த மாதம் கூட்டம் கூட்டி இதைத் தடை செய்யலாமா என்று கமிட்டி ஓட்டுக்கு விடப்போகிறது. "என் வீடு, என் இஷ்டம், எவனும் தடுக்க முடியாது" என்கிறார் ஒரு உரிமையாளர். "கோர்ட்டே தடுக்கலாம் என்று சொல்லியாச்சு" என்கிறார் இன்னொருவர். இதில் யார் சொல்வது சரி, நான் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவது என்று தம்பி கேட்கிறார். கூடவே இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லியிருக்கிறார்: அவருக்கே அந்தக் கட்டடத்தில் இரண்டாவது வீடு ஒன்று உண்டு, அதை தினவாடகைக்கு விடும் எண்ணமும் இருக்கிறது.

தம்பி, கட்டட நிர்வாக வேலையில் பல வருஷம் இருந்தவன் நான். இப்போது குடியிருக்கும் கட்டடத்தில் இரண்டு தவணை கமிட்டிச் செயலாளராகவும் இருந்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் சட்டம். இரண்டாவது ஆள் சொன்னதுதான் சரி, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். 2020இல் மலேசியாவின் மிக உயர்ந்த நீதிமன்றமான நம் கூட்டரசு நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்புக் கொடுத்தது. கோலாலம்பூர் மோண்ட் கியாராவில் உள்ள வெர்வ் சூட்ஸ் என்ற கட்டடத்தின் நிர்வாகம், குறுகியகால வாடகைக்கு வீடு விடக்கூடாது என்று விதி போட்டது. மீறினால் 200 ரிங்கிட் அபராதம். அப்படி வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த உரிமையாளர்கள் அதை எதிர்த்து நின்றார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டது அடுக்குமாடிகளுக்கான 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டத்தின் 70ஆம் பிரிவை. கூடுதல் விதி எதுவும் ஒரு வீட்டின் விற்பனையையோ குத்தகையையோ அடமானத்தையோ தடுக்கக்கூடாது என்று அந்தப் பிரிவில் ஒரு வரி இருக்கிறது. வீட்டை வாடகைக்கு விடுவதும் அதில் அடங்கும், ஆகவே இந்த விதி செல்லாது என்பது அவர்கள் வாதம்.

நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இரண்டு ராத்திரி தங்கிப் போகிறவர் வாடகைக்காரர் இல்லை, அனுமதியின் பேரில் தங்கிப் போகிறவர் மட்டும்தான் என்றது. வீட்டின் மேல் அவருக்கு எந்த உரிமையும் கைமாறுவதில்லை. ஆகவே அந்த 70ஆம் பிரிவின் பாதுகாப்பு தினவாடகைக்குக் கிடையாது, நிர்வாகம் தடை போடலாம். இத்தனைக்கும் அந்தக் கட்டடம் நின்றது வணிக நிலத்தில். "நிலம் வணிகத்துக்கு உரியது, எனவே தினவாடகை என் உரிமை" என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை.

இந்தத் தீர்ப்பைச் சொல்கிறவர்கள் பலர் அதன் மறுபக்கத்தைச் சொல்வதில்லை. தினவாடகையைத் தடுக்கலாம் என்றால், முறையாக ஒப்பந்தம் எழுதி ஆறு மாதமோ ஒரு வருஷமோ வாடகைக்கு விடுவதைத் தடுக்கலாம் என்று ஆகிவிடாது. அது உண்மையான வாடகை, சட்டத்தின் பாதுகாப்பு அதற்கு உண்டு. "தொழிற்சாலை ஆட்களுக்கு வீடு கொடுக்கக்கூடாது", "மாணவர்களுக்குக் கொடுக்கக்கூடாது" என்று சில கமிட்டிகள் இதே சூட்டில் தீர்மானம் எழுதுகின்றன. அப்படி எழுதினால் முழு விதியும் சிக்கலில் மாட்டும். உங்கள் கமிட்டியின் தீர்மானத்தை வாங்கி ஒவ்வொரு சொல்லாகப் படித்துப் பாருங்கள்.

ஒரு சின்ன விளக்கம். நாம் எல்லாரும் இதை 'ஹோம்ஸ்டே' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். சுற்றுலா அமைச்சு பதிவு செய்து நடத்தும் ஹோம்ஸ்டே வேறு. கம்போங்கில், அதாவது கிராமத்தில், ஒரு குடும்பம் தன் வீட்டிலேயே விருந்தாளியைத் தங்கவைத்து, சேர்ந்து சாப்பிட்டு, ஊரைச் சுற்றிக் காட்டுவது அது. உங்கள் மாடியில் நடப்பதில் வீட்டுக்காரர் இல்லை. சாவி ஒரு நம்பர் பூட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது, அவ்வளவுதான். கூட்டத்தில் யாராவது "ஹோம்ஸ்டே அரசாங்கமே ஆதரிக்கும் திட்டமாயிற்றே" என்று கிளப்பினால், இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

சரி, தடுக்க முடியும் என்று ஆகிவிட்டது. தடுக்கலாமா?

சாவிப் பெட்டி என்றேனே, அதைப் பற்றிச் சொல்கிறேன். நான் செயலாளராக இருந்தபோது ஒரு நாள் படிக்கட்டு வழியாக மேலிருந்து கீழே இறங்கிக்கொண்டே எண்ணினேன். கைப்பிடிக் கம்பியில், மீட்டர் அறைக் கதவில், ஜன்னல் கிரில்லில் என்று பதினொரு பெட்டிகள் தொங்கின. ஒன்று நாலாம் மாடியில் பொம்பா குழாயிலேயே தொங்கியது. தீப்பிடித்தால் திருகித் திறக்க வேண்டிய குழாய் அது! அந்தப் பதினொன்றில் இரண்டு எந்த வீட்டுக்குச் சொந்தம் என்று கடைசிவரை எங்களால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. காவலாளியான ஜாகாவிடம் கேட்டால், "யாரோ வந்து மாட்டிட்டுப் போனாங்க சார்" என்றார். கார்டு தட்டினால்தான் திறக்கும் கேட்டுக்கும் லிஃப்டுக்கும் நாங்கள் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தோம். அந்தக் கார்டுகள் இந்தப் பெட்டிகளுக்குள் இருந்தன.

இன்னொரு ராத்திரி. மணி ஒன்றரை இருக்கும். மூன்றாம் மாடியில் தனியாக இருந்த ஒரு பாட்டி எனக்கு போன் செய்தார், குரல் நடுங்கியது. யாரோ ஆறேழு இளைஞர்கள் பையும் பெட்டியுமாக வந்து அவர் வீட்டுக் கதவில் நம்பர் அமுக்க இடம் தேடித் தட்டிக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப் பார்த்தேன். ஏழாம் மாடி மூன்றாம் வீட்டுக்குப் போகவேண்டியவர்கள், மூன்றாம் மாடி ஏழாம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நல்ல பிள்ளைகள்தான், பலமுறை மன்னிப்புக் கேட்டார்கள். ஆனால் அந்தப் பாட்டி அன்றைக்கு அப்புறம் இருட்டினால் கிரில்லுக்கு இரண்டு பூட்டுப் போட ஆரம்பித்தார். அவர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் நாற்பது வருஷம் வாழ்ந்தவர். அங்கே காலடிச் சத்தத்தை வைத்தே யார் போகிறார் என்று சொல்லிவிடுவார்கள். பகலில் கதவைச் சாத்தினால், உள்ளே யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். அந்த லயத்தை இடித்த பிறகு பிள்ளைகள் இபிஎஃப் பணத்தைப் போட்டு இந்த வீட்டை வாங்கிக் கொடுத்தார்கள். உங்கள் அம்மாவைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்தப் பாட்டியின் ஞாபகம்தான் வந்தது.

"என் வீடு, என் இஷ்டம்" என்ற பேச்சில் ஒரு நியாயம் உண்டு, நான் மறுக்கவில்லை. கதவுக்கு உள்ளே இருப்பது அவருடையதுதான். ஆனால் தினவாடகைக்கு விடும்போது அவர் கதவுக்கு உள்ளே இருப்பதை மட்டும் விற்கவில்லை. லிஃப்டையும், நீச்சல் குளத்தையும், கேட்டையும், பக்கத்து வீட்டின் தூக்கத்தையும் சேர்த்துத்தான் விற்கிறார். விளம்பரத்தில் முதல் படமே பெரும்பாலும் நீச்சல் குளம்தான். அந்தக் குளம் எல்லாருக்கும் பொது. பராமரிப்புக் கட்டணமோ ஒவ்வொரு வீட்டுக்கும் ஒதுக்கியிருக்கும் பங்கு அலகை வைத்துக் கணக்கிடுவது. மாதம் இருபது குடும்பம் வந்து போகும் வீடும், ஒரு பாட்டி மட்டும் இருக்கும் வீடும் ஒரே அளவாக இருந்தால் கட்டும் தொகையும் ஒன்றுதான். பொதுச் சொத்தைப் பயன்படுத்தி ஒருவர் தொழில் செய்யலாமா என்பதை அந்தப் பொதுச் சொத்துக்காரர்கள் எல்லாரும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். சட்டம் இதைக் கூட்டத்திடம் விட்டிருப்பது சரி என்றுதான் நான் நினைக்கிறேன்.

இப்போது மறுபக்கம். நம் ஊரில் தங்க இடம் தேவைப்படுகிறவர்கள் நிறையப் பேர். தைப்பூசத்துக்கு சுப்பிரமணியர் கோயிலில் காவடி எடுக்க வெளியூரிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு என்றால் தாத்தா பாட்டி, அத்தை மாமா எல்லாரும் வந்து இறங்குகிறார்கள். பூஜாங் பள்ளத்தாக்குக்கும் ஜெராய் மலைக்கும் வருகிறவர்கள் வேறு. பத்துப் பேர் உள்ள குடும்பத்துக்கு ஹோட்டலில் நாலு அறை எடுப்பதைவிட, அடுப்போடு ஒரு வீடு கிடைத்தால் எவ்வளவு சௌகரியம்! நானே என் தங்கை மகள் கல்யாணத்துக்கு ஈப்போவில் அப்படி ஒரு வீட்டில்தான் தங்கினேன். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும் என்பதால் வியாழன் ராத்திரி உள்ளூர்க் கூட்டம், வெள்ளி ராத்திரி பினாங்கிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் கூட்டம் என்று வாரத்தில் இரண்டு முறை வீடு நிறையும்.

வீட்டுக்காரர்கள் எல்லாரும் பணக்காரர்களும் இல்லை. எங்கள் கட்டடத்தில் ஹோம்ஸ்டே நடத்தியவர்களில் ஒரு அக்கா, கணவர் இறந்த பிறகு வங்கிக் கடன் கட்ட வேறு வழியில்லாமல் ஆரம்பித்தவர். ஒவ்வொரு முறையும் தானே போய்ப் போர்வை மாற்றி, தரை துடைத்து, விருந்தாளியை லிஃப்ட் வரை வந்து வழியனுப்புவார். அவர் வீட்டைப் பற்றி ஒரு புகார்கூட வந்ததில்லை. வந்த புகாரெல்லாம் ஊரிலேயே இல்லாமல், எட்டுப் பத்து வீடுகளை மொத்தமாக எடுத்து நடத்திய ஏஜென்டுகளின் வீடுகள் பற்றித்தான். அந்த அக்காவை முன்னால் உட்காரவைத்துக்கொண்டுதான் தடைக்கு ஓட்டுப் போட்டோம். எனக்கு அது எளிதாக இருக்கவில்லை. பிறகு கமிட்டியிலேயே இரண்டு பேர் அலைந்து, பட்டவர்த்திலிருந்து மாற்றலாகி வந்த ஒரு ஆசிரியர் குடும்பத்தை அவருக்கு வருஷ வாடகைக்குப் பிடித்துக் கொடுத்தார்கள். தடை கொண்டு வருகிறவர்களுக்கு இந்தக் கடமை உண்டு என்பது என் எண்ணம். உங்கள் கட்டடத்திலும் இப்படி ஒருவர் இருப்பார், அவரைக் கண்டுபிடியுங்கள்.

ஆக என் தீர்ப்பு இது. வயதானவர்களும் பிள்ளைகளும் நிரந்தரமாகக் குடியிருக்கும் கட்டடம் என்றால் தடைக்கு ஓட்டுப் போடுங்கள். பெரும்பாலான வீடுகள் முதலீட்டுக்காகவே வாங்கப்பட்டு, கட்டடமே சர்வீஸ் அபார்ட்மெண்ட் வகை என்றால், தடையைவிடக் கட்டுப்பாடு நல்லது. பக்கத்துப் பினாங்கு 2023இல் கொண்டுவந்த வழிகாட்டுதலும் இதே கோட்டில்தான் போகிறது: குடியிருப்பு வகை அடுக்குமாடிகளில் குறுகியகால வாடகை கூடாது, வணிக வகைக் கட்டடங்களில் மட்டும் நிபந்தனைகளோடு விடலாம். அது பினாங்குக்கு உரியது, கெடாவைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பிரிக்கும் முறை நியாயமானது. உங்கள் கட்டடம் எந்த வகை என்பதை நிலப் பட்டாவின் நிபந்தனையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

கட்டுப்பாடு என்றால் என்ன என்று கேட்பீர்கள். எந்த வீடு தினவாடகைக்குப் போகிறது என்று நிர்வாக அலுவலகத்தில் பதிவு செய்வது, வருகிறவர் பெயரையும் கார் நம்பரையும் முன்கூட்டியே ஜாகாவிடம் கொடுப்பது, ஒரு வீட்டுக்கு இத்தனை பேர்தான் என்று எல்லை வைப்பது, ராத்திரி எத்தனை மணிக்குக் கூப்பிட்டாலும் போனை எடுக்கும் பொறுப்பாளர் ஊரிலேயே இருப்பது. எல்லாவற்றிலும் முக்கியம் கடைசியாகச் சொன்னதுதான். போன் எடுக்க ஆள் இருந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும். இதற்கும் ஓட்டுத்தான் வேண்டும், கமிட்டி தானாக நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டால் போதாது.

கமிட்டிகள் தவறிப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இப்படி ஒரு கூடுதல் விதி போட சிறப்புத் தீர்மானம் வேண்டும். அதற்கு 21 நாள் முன்னறிவிப்பு தேவை. தீர்மானத்தின் வாசகமும் அந்த அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். செல்லுபடியாகும் ஓட்டுகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவு கிடைத்தால்தான் நிறைவேறும். கவனியுங்கள், மொத்த வீடுகளில் நான்கில் மூன்று பங்கு இல்லை, அன்றைக்கு விழுந்த ஓட்டுகளில்தான். குறித்த நேரத்தில் பாதிப் பேர் வராவிட்டாலும் அரை மணி நேரம் கழித்து வந்திருப்பவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தலாம். இருநூறு வீடுள்ள கட்டடத்தில் நாற்பது பேர் வந்தால், முப்பது பேரின் கை எல்லாருக்கும் விதியாகிவிடும். பதினொரு பேர் எதிர்த்தால் அதே தீர்மானம் விழுந்தும் போகும். ஹோம்ஸ்டே நடத்துகிறவர்கள் தவறாமல் வருவார்கள். தூக்கம் கெட்டவர்கள்தான், "நான் ஒருத்தர் போய் என்ன ஆகப்போகுது" என்று வீட்டில் உட்கார்ந்துவிடுவார்கள்.

கட்டணம் பாக்கி வைத்திருப்பவருக்கு ஓட்டு இல்லை. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு கணக்குப் பார்ப்பார்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணன், மாதக் கணக்கில் குரல் கொடுத்து ஆட்களைத் திரட்டியவர், சிறு தொகை பாக்கி இருந்ததால் ஓட்டுப் போட முடியாமல் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் இரண்டு வீட்டுக் கணக்கையும் இன்றைக்கே சரிபாருங்கள். வீடு அம்மா பெயரில் இருந்தால் ஓட்டும் அவருடையது. அவரால் வர முடியாவிட்டால், தனக்குப் பதிலாக ஓட்டுப் போட ஒருவரை நியமித்துப் பிராக்சி எழுதிக் கொடுக்கலாம். ஒரு ஆள் ஒரே ஒரு உரிமையாளருக்குத்தான் பிராக்சியாக இருக்க முடியும். பத்து வீட்டை நிர்வகிக்கும் ஏஜென்ட் பத்துக் கடிதத்தைக் கொண்டுவந்து நீட்டினால் ஒன்றுதான் செல்லும். இதைத் தலைவருக்கு முன்கூட்டியே ஞாபகப்படுத்துங்கள், கூட்டத்தின் நடுவில் சண்டையாக வேண்டாம்.

தீர்மானம் நிறைவேறினால் 30 நாளுக்குள் அதைக் கட்டட ஆணையரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அவருடைய பிரிவு நகராண்மைக் கழகத்தில் இருக்கிறது. இதை மறந்துவிட்டு அபராதக் கடிதம் அனுப்பும் நிர்வாகங்களைப் பார்த்திருக்கிறேன். அபராதம் 200 ரிங்கிட்டுக்கு மேல் போகக்கூடாது. வசூலாகும் பணம் பராமரிப்புக் கணக்குக்குப் போக வேண்டும், ரசீதும் கொடுக்க வேண்டும். கோபத்தில் தண்ணீரை வெட்டுவது, விருந்தாளியின் காரைப் பூட்டி ஆயிரம் கேட்பது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் வழக்கில் தோற்க அதுவே வழி. விதியை மீறிக்கொண்டே இருப்பவர் மேல் ஸ்ட்ராட்டா நிர்வாகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும்.

கடைசியாக உங்கள் இரண்டாவது வீடு. அதை ஒரு பேப்பரில் எழுதிப் பாருங்கள். பேச்சுக்கு ஒரு ராத்திரிக்கு 180 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம், மாதம் பத்து ராத்திரி போனால் 1,800. ஒவ்வொரு தடவையும் சுத்தம் செய்யக் கூலி, சலவை, மின்சாரம், தண்ணீர், இணையம், முன்பதிவு செய்யும் இணையத் தளத்தின் கமிஷன், உடைந்த பொருள், எல்லாவற்றையும் கழியுங்கள். வெளிநாட்டுக்காரர் தங்கினால் ஓர் அறைக்கு ராத்திரிக்கு 10 ரிங்கிட் சுற்றுலா வரி இருக்கிறது. 2023 முதல் இணையத் தளங்களே அதை வசூலிக்கின்றன. தைப்பூசமும் பள்ளி விடுமுறையும் போக மீதி மாதங்களில் பத்து ராத்திரி போகுமா என்பதையும் யோசியுங்கள். கழித்துப் பார்த்தால் வருஷ வாடகையைவிட மிஞ்சுவது பலருக்கு ஒன்றுமில்லை, சிலருக்குக் கொஞ்சம். ஏய்ம்ஸ்ட் மாணவர்களோ, இங்கேயும் கூலிமிலும் உள்ள தொழிற்சாலைப் பொறியாளர்களோ ஆறு மாதம், ஒரு வருஷம் என்று வீடு தேடுகிறார்கள். ஒப்பந்தம் எழுதி முத்திரையிட்டுக் கொடுத்தால் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம், எந்தக் கூட்டமும் அதைத் தடுக்க முடியாது. அந்த வீட்டையும் அம்மாவின் மாடியையும் நினைத்துப் பார்த்தால், நான் உங்கள் இடத்தில் இருந்தால் வருஷ வாடகைக்கே விடுவேன்.

அடுத்த மாதம் கூட்டம் என்கிறீர்கள். 21 நாள் கணக்கை இப்போதே எண்ணுங்கள். அறிவிப்பு இன்னும் கைக்கு வரவில்லை என்றால், அல்லது தீர்மானத்தின் வாசகம் இல்லாமல் தேதி மட்டும் வந்திருந்தால், நாளைக்கே செயலாளருக்கு எழுதிக் கேளுங்கள். கூட்டத்தைப் பதினைந்து நாள் தள்ளிவைத்தாலும் பரவாயில்லை. அந்த நாட்களில் உங்கள் மாடியில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கதவையும் ஒரு முறை தட்டிப் பேசுங்கள், ஹோம்ஸ்டே வீடுகளின் உரிமையாளர்களையும் சேர்த்து. அம்மாவையும் கூட அழைத்துப் போங்கள்.